இஷாவுக்குப் பின் என்ன?



கப்பல் என்பது எங்கள் குடும்பத்திற்குப் புதிய சொல் அன்று. எங்கள் இருவரின் பாட்டனார்மாரும் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறிப் பினாங்குக்குப் பிழைக்கச் சென்றவர்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம்மவர்களைச் சுமந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஹஜ்ஜுக்கும் அந்நாளில் கப்பல்தான். மும்பையிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற அந்தக் கடல்வழிப் பயணம் 1995-இல் நின்றுபோயிற்று. ஆக, வயிற்றுப்பாட்டுக்கு ஒரு கப்பல், இபாதத்துக்கு ஒரு கப்பல் என்றே நாங்கள் அறிந்திருந்தோம். இளைப்பாறுவதற்கென்று ஒரு கப்பல் உண்டு என்பதும், அதில் தங்களை மட்டும் தனியே அனுப்பும்படி பிள்ளைகள் கேட்பார்கள் என்பதும் நாங்கள் எண்ணிப் பாராதவை.

எங்களுக்குப் பிள்ளைகள் மூவர். மூத்தவன் இருபத்தாறு வயது. நான்கு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை. நடுவில் மகள், இருபத்துமூன்று. இளையவன் கல்லூரியில் படிக்கிறான், வயது இருபது. சென்ற ஆண்டு மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. மணமான பின் அவள் தோஹாவுக்குச் சென்றுவிடுவாள். ஒரு நாள் இரவு உணவுக்குப் பின் அவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"வாப்பா, நான் போவதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக எங்காவது போய்வர வேண்டும். நானாவுக்கு மூன்று நாள் விடுப்புக் கிடைக்கும். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போகலாம் என்று பார்க்கிறோம்."

"உம்மாவும் நானும்?" என்று கேட்டதற்கு அவள் சற்றுத் தயங்கினாள். பின்பு, "இந்த ஒரு முறை நாங்கள் மட்டும் போகிறோமே" என்றாள்.

மறுப்பதற்கு எங்களிடம் காரணங்கள் இருந்தன. சொகுசுக் கப்பல் என்றவுடன் எங்கள் கண்முன் வந்தவை மதுக்கூடம், சூதாட்டக்கூடம், நடன மேடை. அதோடு எங்களுக்கு ஒரு பழைய கசப்பும் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முகவரின் பேச்சை நம்பிக் குடும்பத்தோடு ஐந்து நாள் கப்பல் பயணம் ஒன்று போயிருந்தோம். ஹலால் உணவு வேண்டும் என்று அவரிடம் பலமுறை கூறினோம், சொல்லியாயிற்று என்றார். கப்பலில் ஏறிக் கேட்டால் அப்படி ஒரு குறிப்பே அவர்களிடம் இல்லை. ஐந்து நாளும் மீன், ரொட்டி, பழம் என்று கழித்தோம். பயணிகளோ பெரும்பாலும் ஓய்வுபெற்ற முதியவர்கள். அமைதியான, மரியாதையான மனிதர்கள். ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கப்பல் அடங்கிவிடும். எஞ்சியிருந்தது மதுக்கூடம் ஒன்றே. அப்போது பள்ளிக்கூடம் முடித்திருந்த இளையவன், இணைப்பற்ற கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு மேல்தளத்தில் தனியே நின்ற காட்சி இன்னும் எங்கள் நினைவில் இருக்கிறது.

எனவே, அனுப்புவதானால் கப்பலை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்று முடிவு செய்தோம். இரண்டு வாரங்கள் இரவுதோறும் அமர்ந்து படித்தோம். அதில் தெரிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்வதே இக்கட்டுரையின் ஒரு நோக்கம். தெரிந்துகொண்ட பின்னும் நாங்கள் தவறவிட்டது ஒன்று உண்டு, அதைச் சொல்வது மற்றொரு நோக்கம்.

முதலில் எங்களைக் குழப்பியது வயது பற்றிய விதி. பதினெட்டு வயது நிரம்பியவர்களை மட்டுமே ஏற்றும் நிறுவனங்கள் சில உள்ளன. 'இளைஞர்களுக்கு ஏற்றது இதுதான்' என்று எண்ணத் தோன்றும். 'வைக்கிங்' என்ற நிறுவனத்தின் கப்பல்களிலும் பதினெட்டுக்குக் கீழ் இடமில்லை. 2021-இல் கடலில் இறங்கிய 'வர்ஜின் வாயேஜஸ்' கப்பல்களிலும் இடமில்லை. விதி ஒன்றே. ஆனால் உள்ளே இருக்கும் உலகம் வேறு. வைக்கிங்கில் சூதாட்டக்கூடமே கிடையாது. சொற்பொழிவு, நூலகம், துறைமுக நகரங்களின் வரலாறு என்று அமைதியாகச் செல்லும் பயணம். வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள். வர்ஜினிலோ இரவு வாழ்க்கையே முதன்மை. பச்சை குத்தும் கடைகூடக் கப்பலுக்குள் உண்டு. முன்னது எங்கள் பிள்ளைகளுக்கு அலுப்பூட்டும். பின்னது எங்களுக்கு உறக்கத்தைக் கெடுக்கும். வயது விதி யாரை ஏற்ற மாட்டார்கள் என்பதைத்தான் சொல்கிறது; யாருக்குப் பொருந்தும் என்பதைச் சொல்வதில்லை.

இன்னொரு விதியையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து புறப்படும் பயணங்களில் பல நிறுவனங்கள் இருபத்தொரு வயது நிரம்பாதவரைப் பெரியவர் துணையின்றி ஓர் அறையில் தங்க விடுவதில்லை. ஆசியாவிலிருந்து புறப்படும்போது பதினெட்டு போதும் என்ற நிறுவனங்கள் உண்டு. எங்கள் இளையவனுக்கு இருபதே ஆகியிருந்ததால், பணம் கட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்தது பயணத்தின் நீளம். பத்து, பதினைந்து நாள் செல்லும் கப்பல்களில் விடுப்பைப் பற்றிக் கவலையில்லாத முதியவர்களே மிகுதி. மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் வேலைக்குச் செல்லும் இளையவர்கள் மிகுதி. ஆயினும் வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டுத் திங்கள் காலை திரும்பும் பயணம் வேறு; வாரத்தின் நடுவில் செல்லும் பயணம் வேறு. முன்னதில் வார இறுதிக் கொண்டாட்டத்துக்கென்றே வரும் கூட்டம் அதிகம். ஞாயிறு புறப்பட்டுப் புதன் திரும்பும் பயணத்தில் அந்த ஆரவாரம் குறைவு, ஜும்ஆவும் தவறாது. பள்ளி விடுமுறைக் காலமானால் கப்பல் முழுவதும் சிறு குழந்தைகளாக இருக்கும். ஒரே கப்பல், ஒரே வழி. புறப்படும் நாளைப் பொறுத்து உள்ளே இருக்கும் கூட்டம் மாறிவிடுகிறது.

பிறகு, எங்கள் அச்சங்களின் பட்டியலோடு கப்பல்களைத் தேடினோம். மதுவும் சூதாட்டக்கூடமும் அறவே இல்லாத கப்பல் உண்டா என்றால், உண்டு. சவூதி அரேபியாவின் 'அரோயா' 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து பயணத்தைத் தொடங்கியது. அதில் இவை இரண்டும் இல்லை. தொழுவதற்கு இடமும் பெண்களுக்கெனத் தனிப் பகுதிகளும் உண்டு. குடும்பமாகச் செல்ல விரும்புவோர் அதைக் கருதிப் பார்க்கலாம். ஆனால் சிங்கப்பூரில் மூன்று நாள் விடுப்பு மட்டுமே உள்ள ஒருவன் அதற்காக ஜித்தா செல்வது இயலாது. டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்களிலும் சூதாட்டக்கூடம் கிடையாது. ஆனால் அவை சிறு குழந்தைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. சென்னையிலிருந்து இலங்கைக்கு 2023 ஜூனில் செல்லத் தொடங்கிய 'கார்டிலியா' கப்பலையும் பார்த்தோம். அதற்கு மூத்தவன் ஊருக்கு வந்துபோக வேண்டும். அதிலேயே விடுப்பு கரைந்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் எங்கள் கண்ணில் பட்டது 'கெண்டிங் டிரீம்'. 2016-இல் ஜெர்மனியில் கட்டப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளுக்கு இடமுள்ளது. அரோயா கப்பலும் இதே கப்பல்தளத்தில் அடுத்த ஆண்டு கட்டப்பட்டதுதான். இரண்டும் உடன்பிறந்த கப்பல்கள். ஒன்று இன்று மதுவின்றிச் செங்கடலில் செல்கிறது. மற்றொன்று மதுக்கூடத்தோடும் சூதாட்டக்கூடத்தோடும் மலாக்கா நீரிணையில் செல்கிறது. ஆயினும் இந்த இரண்டாவது கப்பலில் ஹலால் சமையலுக்கெனத் தனி ஏற்பாடு இருக்கிறது. மலேசிய, இந்தோனேசிய, சிங்கப்பூர் முஸ்லிம் குடும்பங்கள் அதில் செல்கின்றன. சறுக்குநீர்க் குழாய்களும், உயரத்தில் கயிற்றின் மீது நடந்து செல்லும் விளையாட்டும், நாடக அரங்கும் உண்டு.

நாங்கள் ஒரு தாளில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கப்பலுக்கும் நேரே எழுதினோம்: மது உண்டா, சூது உண்டா, நடனக்கூடம் உண்டா, அறை எந்தத் தளத்தில், நடனக்கூடத்திலிருந்து எவ்வளவு தொலைவு. கெண்டிங் டிரீமுக்கு எதிரே 'சூது உண்டு' என்று சிவப்பு மையில் எழுதி, அதையும் அடித்துவிட்டோம். பட்டியலில் எதுவும் மிஞ்சவில்லை. அதைப் பிள்ளைகளிடம் காட்டினோம். மூத்தவன் சிங்கப்பூரிலிருந்து காணொலி அழைப்பில் இருந்தான்.

மகள் தாளை நெடுநேரம் பார்த்தாள். "வாப்பா, கோபித்துக்கொள்ளக் கூடாது. இதில் கப்பலில் என்ன இல்லை என்று மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். நாங்கள் அங்கே என்ன செய்வோம் என்று ஒரு கட்டம்கூட இல்லையே" என்றாள்.

நாங்கள் பேசவில்லை. அவளே தொடர்ந்தாள். "நானா இருக்கும் ஊரில் சூதாட்டக்கூடம் இல்லையா? மரினா பேயில் கடலைப் பார்த்துப் பெரிதாகத்தானே நிற்கிறது? நான்கு ஆண்டுகளாக நானா அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார். அவரை அங்கே அனுப்பும்போது நீங்கள் இப்படித் தாள் போடவில்லை."

திரையில் இருந்த மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கப்பலைப் பற்றிய அச்சம் என்று நாங்கள் எண்ணியிருந்தது கப்பலைப் பற்றியதே அன்று. நான்கு ஆண்டுகளாக அவன் அங்கே எப்படி இருக்கிறான், தொழுகிறானா, யாரோடு பழகுகிறான் என்று கேட்கத் துணியாமல் நெஞ்சுக்குள் வைத்திருந்ததையெல்லாம் அந்தத் தாளில் இறக்கி வைத்திருந்தோம். கேட்க வேண்டியதை அவனிடம் கேட்காமல் கப்பலிடம் கேட்டிருக்கிறோம்.

அன்றிரவு நாங்கள் இருவரும் வெகுநேரம் உறங்கவில்லை. மறுநாள் மகளிடம், "நீங்களே ஒரு தாள் எழுதுங்கள்; பார்க்கிறோம்" என்றோம்.

அவர்கள் எழுதியதில் முதல் கேள்வி இதுதான்: 'இஷாவுக்குப் பின் என்ன?'

அதைப் படித்தபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன் மேல்தளத்தில் தனியே நின்ற இளையவனின் முகம் நினைவுக்கு வந்தது. ஆம், பகல் எந்தக் கப்பலிலும் எப்படியோ கழிந்துவிடும். கடல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, உணவு இருக்கிறது. ஓர் இளைஞனுக்குக் கப்பல் பொருந்துமா என்பதை அதன் இரவுதான் சொல்லும். பெரும்பாலான கப்பல்களில் இரவு என்பது கையில் ஒரு கிண்ணத்தோடு அமர்வதாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. குடிக்காத இளைஞனுக்கு அங்கே இரண்டே வழிகள்: அறைக்குள் போய்ப் படுப்பது, அல்லது தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் சங்கடத்தோடு ஒரு பழச்சாறுடன் நிற்பது. மது விற்காத கப்பலாக இருந்தாலும் இரவில் செய்வதற்கு ஒன்றும் இல்லையென்றால் அது இளையவர்களுக்கு ஏற்றதன்று. மது விற்கும் கப்பலாக இருந்தாலும், அந்தப் பக்கமே செல்லாமல் நடு இரவு வரை மகிழ்ந்திருக்க இடமிருந்தால் அவர்கள் தங்கள் வழியில் நிற்பது எளிதாகிறது.

எனவே, அவர்களின் தாளில் நாடக அரங்கின் காட்சி நேரம் இருந்தது. விளையாட்டுக்கூடம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், பலகை விளையாட்டுகள் கிடைக்குமா, பின்னிரவில் ஹலால் உணவும் தேநீரும் கிடைக்குமா, விளக்கு அணைந்தபின் விண்மீன் பார்க்க ஏற்ற திறந்த தளம் எது என்று இருந்தது. சிங்கப்பூரிலிருந்து செல்லும் 'ராயல் கரீபியன்' கப்பல்களை இளையவன் முதலில் விரும்பினான்; அவற்றில் காற்றின் விசையில் மிதக்கும் கூண்டு முதலான விளையாட்டுகள் உண்டு. ஆனால் தட்டில் உள்ளது ஹலாலா என்று ஒவ்வொரு வேளையும் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது என்று லாத்தாவும் நானாவும் கூற, அவனும் ஒப்பினான். நாங்கள் சிவப்பு மையால் அடித்த அதே கப்பலை, பினாங்கு சென்று திரும்பும் மூன்று இரவுப் பயணத்தை, ஞாயிறு புறப்பாட்டை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நாங்கள் சரி என்றோம். சொல்வதற்கு முன் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுச் சொன்னோம்.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய சில நடைமுறைச் செய்திகளை இங்கே குறிக்கிறோம்.

விளம்பரத்தில் காணும் கட்டணம் முழுக் கட்டணம் அன்று. துறைமுக வரி, பணியாளர்களுக்கான நாள் கணக்கிலான அன்பளிப்பு, இணைய இணைப்பு, துறைமுகத்தில் சுற்றிப்பார்க்கும் செலவு ஆகியவை பெரும்பாலான நிறுவனங்களில் தனி. குறும்பயணத்தில் இவை சேர்ந்தால் அடிப்படைக் கட்டணத்தோடு போட்டியிடும். எல்லாவற்றையும் கூட்டியே இரு கப்பல்களை ஒப்பிட வேண்டும். குடிபானத் தொகுப்பு என்று ஒன்றை விற்பார்கள். மதுவின் விலை அதில் அடங்கியிருக்கும். நமக்கு அது வேண்டாதது. சில நிறுவனங்களில் ஓர் அறையில் ஒருவர் அதை வாங்கினால் அவ்வறையின் பெரியவர் அனைவரும் வாங்க வேண்டும் என்ற விதியும் உண்டு. வேறு நண்பர்களோடு அறையைப் பகிர்வோர் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்க.

அறைக் கட்டணம் எப்போதும் இருவர் தங்குவதாகவே கணக்கிடப்படுகிறது. தனியொருவர் தங்கினால் ஏறத்தாழ இருவரின் கட்டணத்தைக் கொடுக்க நேரும். 2010-இல் 'நார்வீஜியன் எபிக்' என்ற கப்பலில் தனியாகச் செல்வோருக்கெனச் சிறு அறைகள் அமைத்தார்கள். பின் வேறு சிலரும் பின்பற்றினர். எல்லாக் கப்பல்களிலும் அது இல்லை. எங்கள் பிள்ளைகள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்றார்கள். மகளுக்குத் தனி அறை, அதற்கு அடுத்த அறை சகோதரர்களுக்கு என்று வைத்தபோது வந்த கூடுதல் தொகையை மட்டும் நாங்கள் கொடுத்தோம். அந்தப் பயணத்தில் எங்கள் பங்கு அவ்வளவே.

ஹலால் உணவு பற்றி முகவரிடம் வாய்மொழியாகச் சொல்வது போதாது. நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, எந்த உணவகத்தில், எந்த நேரத்தில், சான்று உண்டா என்று எழுத்தில் பதில் பெறுங்கள். அந்தப் பதிலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பயணத்தில் நாங்கள் கற்ற பாடம் இது.

சிங்கப்பூரிலிருந்து கடலில் சென்று திரும்பும்போது அந்நாட்டுக்குள் மீண்டும் நுழைகிறீர்கள். எனவே விசா மறுமுறை நுழைய இடமளிக்கிறதா, கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுமா என்று பாருங்கள். கப்பலில் ஏறியதும் ஆபத்துக்காலப் பயிற்சி நடக்கும். அதை அலட்சியம் செய்யக் கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அப்பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அதன் பின்னரே புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்பது அனைத்துலக விதியாயிற்று.

தொழுகையைப் பொறுத்தவரை, பயணியின் சலுகைகள் நமக்கு உண்டு. நான்கு ரக்அத்கள் இரண்டாகச் சுருங்கும். சேர்த்துத் தொழுவதில் ஷாஃபிஈ மத்ஹபினருக்கும் ஹனஃபி மத்ஹபினருக்கும் வேறுபாடு இருப்பதால், புறப்படும் முன் உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிப்லாவுக்குக் கைப்பேசித் திசைகாட்டியை நம்பிவிடாதீர்கள். கப்பல் முழுவதும் எஃகு, முள் தவறாகக் காட்டும். அறையிலோ பொது இடத்திலோ உள்ள திரையில் கப்பல் செல்லும் திசை வரைபடமாகத் தெரிந்தால் அதைக் கொண்டு கணிக்கலாம். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குச் செல்லும்போது கப்பல் வடமேற்காகப் போகிறது; கிப்லா ஏறத்தாழக் கப்பலின் முன்பக்கம், சற்று இடப்புறம் அமையும். திரும்பும்போது பின்பக்கம். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு சிறிய குவளை எடுத்துச் செல்லுங்கள். துணி தேய்க்கும் பெட்டியும் சாம்பிராணியும் வேண்டாம். தீயின் அச்சத்தால் கப்பலில் அனுமதிப்பதில்லை.

அவர்கள் புறப்பட்ட ஞாயிறு மாலை முதல் எங்கள் வீடு அமைதியாயிற்று. ஒரு நாளைக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும், அதற்கு மேல் நாங்கள் கேட்க மாட்டோம் என்று சொல்லியிருந்தோம். இன்னும் ஒரே ஒரு கட்டளை: துறைமுகத்தில் இறங்கினால் கப்பல் புறப்பாட்டுக்குக் குறித்த கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிட வேண்டும், தாமதமானவர்களுக்காகக் கப்பல் காத்திராது. தொழுதீர்களா என்று கேட்பதில்லை என்று நாங்கள் இருவரும் எங்களுக்குள் உறுதி செய்துகொண்டோம். அது எளிதாக இருக்கவில்லை. முதல் நாள் காலை கைப்பேசியை எடுத்து எழுதி, அனுப்பாமல் அழித்தோம்.

பினாங்கில் இறங்கிய அன்று பகலில் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஜார்ஜ் டவுன் துறைமுகத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் சூலியா தெரு இருக்கிறது. அங்கே நம்மூர் நாகூரின் பெயரைத் தாங்கிய பழைய தர்கா நிற்கிறது. அதற்கு அருகிலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. அந்தப் பள்ளிவாசலின் முற்றத்தில் மூத்தவனும் இளையவனும் ஈரக் கைகளோடு நிற்கிறார்கள். படத்தின் கீழே, 'அப்பா இறங்கிய ஊர்' என்று மட்டும் எழுதியிருந்தாள். பாட்டனாரை எங்கள் வீட்டில் அப்பா என்பது வழக்கம். ஒரு வாரம் மேல்தளத்தில் கிடந்து அவர் போய்ச் சேர்ந்த கரையில் அவருடைய கொள்ளுப்பேரப்பிள்ளைகள் இரண்டு இரவில் இறங்கி, அவர் தொழுதிருக்கக்கூடிய இடத்தில் ளுஹர் தொழுதிருக்கிறார்கள். இதை நாங்கள் சொல்லி அனுப்பவில்லை. எங்கள் தாளில் இதற்கும் கட்டம் இருக்கவில்லை.

ஊர் திரும்பிய பின் இளையவன் தானாகவே எல்லாவற்றையும் சொன்னான். இரவு நாடகம் முடிந்ததும் மூவரும் திறந்த தளத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்களாம். சிறு வயதில் உடைத்த பொருட்கள், ஒருவருக்கொருவர் மறைத்தவை, லாத்தா போனபின் உம்மாவை யார் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது வரை பேசினார்களாம். முதல் நாள் அப்படிப் பேசிக் கண்ணயர்ந்ததில் ஃபஜ்ர் தவறிவிட்டது. எழுந்து களா செய்தோம் என்றான் ஒளிவு மறைவின்றி. மறுநாளிலிருந்து நானா எழுப்பினார் என்றான். கப்பலில் மதுக்கூடத்தைக் கடந்துதான் உணவகத்துக்குப் போக வேண்டியிருந்தது என்றும் சொன்னான். "கடந்துதான் போனோம், உம்மா" என்றான்.

மூத்தவனோடு நாங்கள் பேச வேண்டியிருந்ததையும் பேசினோம். அதற்குக் கப்பல் ஒரு காரணமாயிற்று. சிங்கப்பூரில் முதலாண்டு தான் தளர்ந்திருந்ததையும், பின் அலுவலகத்துக்கு அருகிலுள்ள பள்ளிவாசலில் கிடைத்த நண்பர்களால் நிமிர்ந்ததையும் அவனே கூறினான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. "கேட்டால் கோபப்படுவேன் என்று நினைத்தீர்களா வாப்பா?" என்றான். ஆம் என்பதே உண்மை.

வளர்ந்த பிள்ளைகளுக்குக் கப்பல் தேடும் பெற்றோருக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுவே. உணவைப் பாருங்கள், புறப்படும் நாளைப் பாருங்கள், முழுச் செலவைப் பாருங்கள், வயது விதியைப் பாருங்கள். அவற்றுக்கெல்லாம் மேலாக, அந்தக் கப்பலின் இரவு எப்படிப்பட்டது என்று பாருங்கள். பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஏதேனும் மனத்தில் இருந்தால், அதை முன்பதிவுக்கு முன்னரே அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

மகளின் நிக்காஹ் நல்லபடியாக நடந்தேறியது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது ஒருவர் தோஹாவிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் ஒருவர் எங்களோடும் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள், இஷாவுக்குப் பின், மூவரும் ஒரே அழைப்பில் வருகிறார்கள். எல்லோருடைய பிள்ளைகளையும் அல்லாஹ் நேர்வழியிலும் பாதுகாப்பிலும் வைப்பானாக. ஆமீன்.